கொடைக்கானலின் காலனிக் கால வரலாற்றை மதுரையிலிருந்து தேடிச் செல்வது எப்படி?

கொடைக்கானல் ஏன் உருவானது என்பதை அறிய விரும்புபவர், ஏரிக்கரையில் அல்ல, மதுரையில்தான் தொடங்க வேண்டும். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தாரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்கள். உடல் தேற முதலில் சிறுமலைக்குப் போனார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. அதன் பிறகே, 1821-இல் லெப்டினன்ட் வார்டு அளந்து சென்ற பழனி மலைக்கு ஏறி, 1845-இல் முதல் இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள்.

அடுத்து ஆவணங்கள். பழைய பதிவுகளில் திண்டுக்கல் மாவட்டத்தைத் தேடிப் பயனில்லை. 1985 வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசின் விவரத் தொகுப்பை, முதலில் படித்துவிடுங்கள்.

பிறகு ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, வத்தலக்குண்டு வழியாக மலைக்குச் செல்லலாம். மேலே உள்ள இடங்களைக் காலவரிசையில் பார்ப்பது நல்லது: மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து 1863-இல் உருவாக்கிய ஏரி, 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் வாக், 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1901-இல் தோன்றிய பன்னாட்டுப் பள்ளி. ஒவ்வோர் இடத்திலும் யார் திட்டமிட்டார், யார் மண் சுமந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதல் கேள்விக்கான விடை பெயர்ப்பலகையிலேயே இருக்கும்.

பழைய கல்லறைத் தோட்டங்களுக்குத் தேவாலயப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றுக் காலையிலேயே செல்லுங்கள். பாசி படர்ந்த கல்லில் எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் தேய்க்கவோ, கம்பித் தூரிகையால் சுரண்டவோ கூடாது, கல் உதிர்ந்துவிடும். கைபேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட அதை ஒட்டியே பிடித்தால், தேய்ந்த எழுத்தின் குழிகளில் நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வரும். பெயரோடு வயதையும் இறந்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் வயதைப் படிக்கும்போது, மலைக்கு ஓடிவந்தவர்களின் அச்சம் நமக்கும் புரியும்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது பழைய நடைபாதைதான். 1875-இல் ரயில் வந்து கொடைரோடு நிலையம் அமைந்த பிறகும், மலைமேல் வண்டிப் பாதை உருவாக நெடுங்காலம் ஆனது. அதுவரை துரைமாரும் அவர்கள் குடும்பத்தாரும் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமந்த டோலியிலோதான் ஏறினார்கள். பயணிகளின் பெயர்கள் எழுத்தில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்களைக் காண்பது அரிது. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து மேலேறும் அந்தத் தடத்தில் வெள்ளகவி என்னும் ஊர் இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் சென்று, அங்குள்ளவர்கள் வழக்கப்படி காலணியைக் கழற்றிவிட்டு ஊருக்குள் நுழையுங்கள். பெரியவர்களிடம், அவர்கள் பாட்டன் காலத்தில் யார் யார் சுமை தூக்கினார்கள், எந்த இடத்தில் சுமையை இறக்கி இளைப்பாறினார்கள், என்ன கூலி கிடைத்தது என்று கேட்டு, சொன்னவரின் சம்மதத்துடன் அவர் சொன்ன சொற்களிலேயே, தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள்.