அமீரகத்துல மவுண்டன் பைக்கிங் ஆரம்பிக்கணுமா? எங்க போறது, எந்த வரிசைல போறது

துபாய், ஷார்ஜா பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேரு இங்க வெறும் மணல்தான், இதுல எங்க மலை சைக்கிள் ஓட்டுறதுன்னு நினைக்கிறாங்க. நாட்டோட கிழக்குப் பக்கம் முழுக்க ஹஜர் மலை இருக்கு, துபாய்ல இருந்து ஒன்றரை மணி நேரத்துல மலைக்குள்ளயே போயிடலாம். ஆனா எடுத்த எடுப்புல மலைக்குப் போகக்கூடாது, அதான் இந்த போஸ்ட்ல நான் சொல்ல வர்றதே. முதல்ல துபாய் சிட்டிக்குள்ள இருக்குற முஷ்ரிஃப் பார்க், அப்புறம் ஹத்தா மலை, கடைசியா ராஸ் அல் கைமால இருக்குற ஷவ்கா. இந்த வரிசைய மாத்தாதீங்க, ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. துபாய்ல அல் குத்ரா சைக்கிள் டிராக் ரொம்ப ஃபேமஸ், 80 கிலோமீட்டருக்கு மேல டிராக் இருக்கு, ஆனா அது தார் ரோடு, ரோட் பைக் ஓட்டுறவங்களுக்கானது. பக்கத்துல தெரியுற மணல் மேட்டுல ஏத்தலாம்னு பாத்தா சாதா மவுண்டன் பைக் டயர் அப்படியே புதைஞ்சிடும், அதுக்கு 4 இன்ச் டயர் இருக்குற ஃபேட் பைக் வேணும். அதனால பாலைவன மணல மறந்துடுங்க, நமக்கு வேண்டியது கெட்டியான மண்ணும் பாறையும்.

படி 1: எப்போ போகணும்

அக்டோபர் கடைசில இருந்து மார்ச் வரைக்கும், இழுத்தா ஏப்ரல் முதல் வாரம், அவ்ளோதான். ஜூன், ஜூலைல மலைல ஓட்டவே ஓட்டாதீங்க, 45 டிகிரிய தாண்டுற வெயில்ல பாறையும் சேர்ந்து அனல் அடிக்கும், விடியக்காலைல போனாலும் திரும்பி வர்றதுக்குள்ள சூடு ஏறிடும். சீசன்லயும் சூரியன் வர்ற நேரத்துக்கு பைக் மேல இருக்குற மாதிரி கிளம்புங்க.

படி 2: பைக்

உடனே காசு போட்டு வாங்க வேணாம். முஷ்ரிஃப்ல பழகுறதுக்கு தெரிஞ்சவங்ககிட்ட இரவல் வாங்கிக்கலாம். ஹத்தாவுல வாடி ஹப்னு ஒரு இடம் இருக்கு, அங்க பைக், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு கிடைக்கும் (கோடைல மூடிடுவாங்க, அதனால போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க). புடிச்சிருந்தா அப்புறம் டெகாத்லான் கடைலயோ, துபிஸில் வெப்சைட்ல செகண்ட் ஹேண்டோ பாக்கலாம். முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற ஹார்ட்டெயில், டிஸ்க் பிரேக், 2.3 இன்ச்சுக்கு கொறையாத டயர், இது போதும். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் 150, 160 மில்லிமீட்டர் அமுங்குற ஃபுல் சஸ்பென்ஷன் பைக்கெல்லாம் ஆரம்பத்துல காச கரியாக்குற வேலை.

ஆனா ஒரு செலவ மட்டும் தள்ளிப் போடாதீங்க, டயர டியூப்லெஸ் ஆக்கிடுங்க. இங்க மலைல சம்ர் மரம் நிறைய, நம்ம ஊரு வேலமரத்துக்கு சொந்தக்காரன், அந்த முள்ளு காஞ்சு டிரெயில்ல, அதாவது நாம ஓட்டுற மண் பாதைல கெடக்கும், டியூப் போட்ட டயர்ல சத்தமே இல்லாம இறங்கிடும். டியூப்லெஸ்ல உள்ள ஊத்தி வெக்கிற சீலண்ட்ங்கற திரவம் சின்ன ஓட்டைய தானே அடைச்சிடும். இங்க சூட்டுல சீலண்ட் சீக்கிரம் காஞ்சிடும்ங்கறதால ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஊத்திக்கணும்.

காத்து எவ்ளோ? 70 கிலோ ஆளுக்கு 25ல இருந்து 28 பிஎஸ்ஐ வெச்சு ஆரம்பிங்க, பின்னாடி சக்கரத்துக்கு ரெண்டு கூட. கல்லு மாதிரி டைட்டா அடிச்சா பாறை மேல டயர் குதிக்கும், பிடிப்பே இருக்காது. ரொம்ப கொறைச்சா ரிம் போய் பாறைல இடிக்கும்.

படி 3: முஷ்ரிஃப் பார்க்

மிர்திஃப், கவானீஜ் பக்கம், சிட்டிக்குள்ளயே இருக்கு. காஃப் மர காட்டுக்கு நடுவுல போற டிரெயில். காஃப்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வன்னி மரம்தான், கோயில்ல சுத்தி வர்ற அதே வன்னி, இங்க அது தேசிய மரம். அந்த நிழல்ல ஓட்டுறதே தனி சுகம். தரை பெரும்பாலும் இறுகின மணலும் மண்ணும், சின்ன சின்ன ஏத்தம் இறக்கம், விழுந்தா சிராய்ப்போட போயிடும். புதுசா கத்துக்குறவங்க ஓட்டுற பாதையும் இருக்கு, நல்லா ஓட்டுறவங்களுக்கு ஜம்ப் வெச்ச பாதையும் இருக்கு.

இங்க மூணு விஷயம் உடம்புல ஏறுற வரைக்கும் பழகுங்க, மலைல போய் கத்துக்க நேரம் இருக்காது.

நிக்கிற நிலை: இறக்கத்துல சீட்ல உக்காராதீங்க. ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல, குதிகால் கொஞ்சம் கீழ, முட்டியும் முழங்கையும் மடங்கி இருக்கணும், வெயிட்டு கைல இல்லாம கால்ல இருக்கணும். கை வலிச்சா நிலை தப்புன்னு அர்த்தம்.

பிரேக்: ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரே விரல், ஆள்காட்டி விரல் மட்டும், மத்த விரலெல்லாம் ஹேண்டில்பார புடிச்சிருக்கட்டும். முன் பிரேக்கத் தொட்டாலே தூக்கி போட்டுடும்னு பயந்து பின் பிரேக்க மட்டும் புடிச்சா பின் சக்கரம் வழுக்கிட்டே போகும், வண்டி நிக்காது. நிறுத்துற சக்தி முன்னாடிதான் அதிகம், மெதுவா அழுத்தி பழகணும். வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறைச்சிடுங்க, வளையும்போது புடிக்காதீங்க.

கண்ணு: முன் சக்கரத்த பாக்காதீங்க, நாலஞ்சு மீட்டர் தள்ளி போக வேண்டிய வழிய பாருங்க. எந்த கல்லப் பாக்குறீங்களோ வண்டி அந்த கல்லுக்குதான் போகும், இது ஓட்டுற எல்லாருக்கும் தெரியும்.

அபுதாபில இருக்குறவங்க இதே பயிற்சிய ஹுதைரியாத் தீவுல செய்யலாம், அங்கயும் மவுண்டன் பைக் டிரெயில் போட்டிருக்காங்க.

படி 4: ஹத்தா

துபாய்ல இருந்து சுமாரா 130 கிலோமீட்டர். ஆனா மேப்ல இ44 ரோட்ட காட்டும், அதுல ஒரு துண்டு ஓமன் எல்லைக்குள்ள போகுது, செக்போஸ்ட் இருக்கு, அதனால மலீஹா வழியா சுத்தி போங்க.

50 கிலோமீட்டருக்கு மேல டிரெயில், பச்சை, நீலம், சிவப்பு, கருப்புன்னு கலர் போட்டு பிரிச்சிருக்காங்க. பச்சை சுலபம், கருப்பு ரொம்ப கஷ்டம். முதல் நாள் பச்சை மட்டும். அது சுலபமா இருந்துச்சேன்னு அன்னைக்கே சிவப்புக்கு போகாதீங்க, ப்ளீஸ். முஷ்ரிஃப் மண்ணுக்கும் ஹத்தா தரைக்கும் சம்பந்தமே கிடையாது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடில இருந்த பாறை மேல தள்ளப்பட்டு உருவான மலை இது, கருப்பும் காவியுமா இருக்கும், வெயில்லயும் குளிர்லயும் உடைஞ்சு உடைஞ்சு கூர்மையான துண்டாதான் விழும். புடிச்சு வெக்க மண்ணும் கொறைச்சல், செடி வேரும் கொறைச்சல். அதனால டிரெயில் மேல சில்லு சில்லா கல்லு உருண்டுகிட்டே இருக்கும், டயர் வெச்ச இடத்துல இருந்து ரெண்டு இன்ச் நகர்ந்துதான் பிடிக்கும். புதுசா வர்றவங்க அந்த நகர்றதுக்கே பயந்து பிரேக்க இறுக்கிடுறாங்க, அப்பதான் விழுறது. கைய தளர்த்தி விடுங்க, வண்டி உங்களுக்கு கீழ ஆடட்டும், அது தானா நேராகிடும்.

விழுந்தா இந்த கல்லு கிழிச்சிடும், அதனால முழங்கால் பேட், முழு விரல் கிளவுஸ் ரெண்டும் கண்டிப்பா. ஹெல்மெட்ட பத்தி சொல்லவே தேவையில்ல.

படி 5: தண்ணி, மழை, போன்

ரெண்டு மணி நேர ரைடுக்கு குளிர்காலத்துலயும் 3 லிட்டர் எடுத்துட்டு போங்க, முதுகுல மாட்டுற ஹைட்ரேஷன் பேக்ல. பாட்டில் பத்தாது, குலுக்கல்ல கழண்டு விழுந்தும் போயிடும். கூட ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட். காத்து காஞ்சு இருக்குறதால வேர்வை உடனே ஆவியாகிடும், நமக்கு வேர்க்கவே இல்லன்னு நினைச்சுட்டு தண்ணி குடிக்காம இருப்போம், சட்டைல வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சதுக்கு அப்புறம்தான் தெரியும். பாதி தண்ணி தீர்றதுக்குள்ள திரும்பிடணும், எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி.

மழை. பாலைவனத்துல என்ன மழைன்னு கேக்காதீங்க, 2024 ஏப்ரல் 16 அன்னைக்கு இங்க இருந்தவங்களுக்கு தெரியும், அல் ஐன் பக்கம் ஒரே நாளுக்குள்ள 254.8 மில்லிமீட்டர் கொட்டுச்சு. வாடின்னா காஞ்சு கெடக்குற ஆத்துப் படுகை. மலை மேல பெய்ற மழைய உறிஞ்ச மண்ணே இல்லாததால அத்தனையும் வாடிக்குள்ள ஓடி வரும், உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருக்கும்போதே வெள்ளம் வந்துடும். தேசிய வானிலை மையம் எச்சரிக்கை குடுத்தா அன்னைக்கு ரைட கேன்சல் பண்ணிடுங்க. 2023 மே மாசம் அறிவிச்ச விதில மழை நேரத்துல வாடி, டேம் பக்கம் கூடி நின்னாலே 1000 திர்ஹாம் ஃபைனும் லைசென்ஸ்ல 6 பிளாக் பாயிண்டும், வெள்ளம் ஓடுற வாடிக்குள்ள கார விட்டா 2000 திர்ஹாம், 23 பிளாக் பாயிண்ட், வண்டியும் 60 நாள் பறிமுதல்னு வெச்சிருந்தாங்க.

மலை மடிப்புக்குள்ள போனா சிக்னல் போயிடும், ஹத்தா பக்கம் சில இடத்துல ஓமன் டவர் புடிக்கும். டிரெயில்ஃபோர்க்ஸ் ஆப்ல மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. தனியா போகாதீங்க, எத்தனை மணிக்கு திரும்புவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டு போங்க. போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998.

படி 6: ஷவ்கா

ராஸ் அல் கைமால இருக்கு, அணைக்கட்டுக்கு பக்கத்துலயே கார நிறுத்தலாம். ஹத்தாவுல நீல டிரெயில கால ஊனாம முடிச்சதுக்கு அப்புறம் வாங்க. ஹத்தா மாதிரி இதுல எல்லாம் சீரா இருக்காது, ஓட்டுறவங்களே கல்ல ஒதுக்கி வழி பண்ணி வெச்ச இடம், அதனாலயே எனக்கு ஹத்தாவ விட இது ரொம்ப புடிக்கும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை, நடுவுல ஒரு ஹேண்டில்பார் அகலத்துக்கு பாதை போகும். நடக்க வர்றவங்களும் அதே வழிலதான் வருவாங்க, குடும்பம் குழந்தைங்களோட, அதனால வளைவுல மெதுவா வாங்க, அவங்க போக வழி விட்டு நில்லுங்க. ஏற முடியாத இடத்துல இறங்கி தள்ளுங்க, நல்லா ஓட்டுறவங்களும் அங்கங்க தள்ளிட்டுதான் போறாங்க.

வீட்டுக்கு வந்ததும் செயின்ல இருக்குற தூசிய காஞ்ச துணில துடைச்சு, பிசுக்கு இல்லாம காஞ்சு நிக்கிற செயின் ஆயில், டிரை லூப்னு கேட்டா குடுப்பாங்க, அத போடுங்க. எண்ணெய் பிசுக்கு இருக்குற வெட் லூப் போட்டா இங்க தூசி அப்பிக்கிட்டு செயின அரைச்சிடும். டயர்ல முள்ளு குத்தி நின்னுச்சுன்னா உடனே புடுங்காதீங்க, சக்கரத்த சுத்தி அந்த இடம் கீழ வர்ற மாதிரி வெச்சு, சீலண்ட் அங்க சேர்ந்ததும் எடுங்க.