தவளைவாயனைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தவளைவாயன் ஓர் இரவுப் பறவை. அதைப் பார்க்கப் போனால் சத்தம் போடக்கூடாது, பளிச்சென்ற சட்டை ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். போன மாதம் கேரளத்தின் தட்டேக்காட்டில் புதிதாகப் பறவை பார்க்க வந்த நாலைந்து பேர், பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்தார்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இலங்கையில் மட்டும்தான் என்று நினைப்பது

பெயர் இலங்கைத் தவளைவாயன். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு.

இரண்டு இனம் என்று குறித்துக்கொள்வது

இரண்டும் ஒரே இனம்தான். சாம்பல் நிறம் ஆண், செம்பழுப்பு பெண்.

வாயைத் திறக்கவைத்துப் படம் எடுப்பது

இதுதான் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம். இதன் பேரினப் பெயர் பட்ரகோஸ்டோமஸ். கிரேக்கத்தில் 'பட்ரகோஸ்' தவளை, 'ஸ்டோமா' வாய். மலையாளத்தில் மாக்காச்சிக்காடை, மாக்காச்சி என்றாலும் தவளைதான். குட்டையான அலகு, ஆனால் அடிப்பக்கம் முகம் முழுக்க அகன்றிருக்கும். பெயரைக் கேட்டதும் அந்த வாயைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

பகலில் அது வாயைத் திறக்காது. காய்ந்த இலை மாதிரி கொடியில் உட்கார்ந்து தூங்கும். நாம் நெருங்கினால் அலகை மேலே தூக்கி, ஒடிந்த கிளைபோல அசையாமல் இறுகிவிடும். 'போஸ் கொடுக்குது' என்கிறார்கள். அது போஸ் இல்லை, பயம். இன்னும் நெருங்கினால்தான் வாயைப் பிளக்கும். அது மிரட்டல்.

பல வருடங்களுக்கு முன் நான் இந்தத் தவறைச் செய்த அன்று ஒரு ஜோடி ஒட்டி உட்கார்ந்திருந்தது. மறைத்த கொடியை நான் கையால் விலக்கினேன். ஆண் வாயைப் பிளந்தது. படம் கிடைத்தது. அடுத்த நொடி இரண்டும் பட்டப்பகலில் பறந்துபோயின. மாதக்கணக்கில் அதே இடத்தில்தான் இருந்தன என்று வழிகாட்டி சொன்னார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய்ப் பார்த்தேன். வெறும் கொடி. கீழே இலையில் காய்ந்த எச்சம் மட்டும்.

கூடு கட்டும் காலமென்றால் இன்னும் மோசம். உள்ளங்கைக்குள் அடங்கும் கூடு, அதில் ஒரே முட்டை. பகலில் அடைகாப்பது ஆண். அதைக் கிளப்பிவிட்டால் முட்டை திறந்து கிடக்கும். அலகு மேலே போனதும் பின்வாங்குங்கள். அப்புறம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது

வேண்டாம்.