பழைய சவரக்கத்திக்குக் கூர் வைப்பது எப்படி?

தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி அலுமாரிக்குள் கிடக்கிறதா? தயவுசெய்து மோட்டர் சாணைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சூடேறி நீலம் பாரித்தால் உருக்கின் பதம் போய்விடும். பிறகு அந்த இடத்தில் கூர் நிற்காது. கையால், தண்ணீர்க் கல்லில் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) செய்கிற வேலை இது.

முதலில் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஷெஃபீல்ட், சோலிங்கன் என்று ஊர்ப்பெயர் பொறித்த பழைய கத்திகள் நிறையக் கிடைக்கும். பெயரைவிட வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், நிலைதான் முக்கியம். மேலோட்டமான சிவப்புக் கறள் தேய்த்தால் போகும். கறுத்துக் குழிவிழுந்த கறள் வாயின் ஓரம்வரை வந்திருந்தால், அல்லது மயிரிழை வெடிப்பு இருந்தால், அந்தக் கத்தியில் பழகவேண்டாம். செலுலாய்ட் பிடி சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவியே உருக்கை அரிக்கும், அப்படியான பிடியைக் கழற்றிவிடுங்கள்.

கறள் எடுக்க, வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் சாமான் விற்கிற கடைகளில் 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உரதாள்; நம்பர் கூடினால் நைசு கூடும்) வாங்கலாம். வாயில் டேப் ஒட்டி, கத்தியைப் பலகையில் படுக்கவைத்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மட்டும் தேயுங்கள். விரல் வாய்க்கு எதிராகப் போகவே கூடாது. முடிந்ததும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பலர் முகத்தில் பட்ட கத்தியாக இருக்கலாம்.

இனிக் கல். புதிய கல்லும் சமமாக இருக்காது. பென்சிலால் கட்டம் கீறி, கண்ணாடியில் விரித்த வாட்டர் பேப்பரில் கோடுகள் அழியும்வரை தேயுங்கள்.

சமையல் கத்திபோல முதுகைத் தூக்கிப் பிடிக்கவேண்டாம். முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படியவேண்டும். சரியான கோணத்தைக் கத்தி செய்தவரே அந்த முதுகின் தடிப்பில் வைத்துவிட்டார். வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். கல் ஒடுக்கமென்பதால் பிடிப்பக்க அடியில் தொடங்கி நுனியில் முடியுமாறு சரிவாக இழுத்துச் செல்லவேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். கத்தியின் பாரத்துக்கு மேல் அழுத்தம் அநேகமாகத் தேவையில்லை.

1000 நம்பர் கல்லில்தான் உண்மையான வேலை முழுவதும் நடக்கிறது. அவசரப்படாதீர்கள். விளக்கின் கீழ் வாயை நேருக்கு நேர் பாருங்கள்: எங்காவது ஒரு புள்ளி மின்னினால் அந்த இடத்தில் இரு பக்கமும் இன்னும் சந்திக்கவில்லை. கல்லில் கத்தி நகரும்போது முன்னால் ஒதுங்கும் தண்ணீர், வாய் நெடுகிலும் ஒரே மாதிரி அலகின்மேல் ஏறவேண்டும். ஏறாமல் வாய்க்குக் கீழால் ஓடினால் அந்தப் பகுதி இன்னும் படியவில்லை. இது சரிவராமல் 4000, 8000, 12000 என்று நைசான கற்களுக்குப் போனால் மினுக்கம் வருமே தவிர கூர் வராது. சரிவந்துவிட்டால் மேற்கற்களில் வேலை சுலபம்.

கடைசியில், துணியும் தோலும் சேர்ந்த தோல்வார். அதை இறுக்கமாகப் பிடித்து, இம்முறை முதுகு முன்னே போகும்படி, துணியில் ஒரு முப்பது, தோலில் ஒரு அறுபது தடவை. கத்தி சருமத்தைத் தொடாமலே கைமயிர் அறுபட்டால் கன்னத்தில் வைக்கலாம். கன்னத்துச் சருமத்தை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 பாகையில் சாய்த்து.

வெள்ளவத்தைபோலக் கடலோரத்தில் இருப்பவர்கள் குளியலறையில் கத்தியை வைக்கவே வேண்டாம். ஈரத்தைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசி, பிடியின் மடிப்புக்குள்ளும் விட்டு வையுங்கள்.