கறிக்குழம்பு: தண்ணீர் சுண்டும் வரை மூடி போடாதீர்கள்

வீட்டில் வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு சப்பென்று இருந்தால், பழி பெரும்பாலும் மசாலா மேல்தான் விழும். அடுத்த வாரம் பட்டை, கிராம்பைக் கூட்டிப் போட்டும் குழம்பு அப்படியேதான் இருக்கும். மசாலாவில் குறை இருப்பது அபூர்வம். கறியைப் போட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

முதலில் கறி. 1 கிலோ வாங்கினால் அதில் கால் கிலோவாவது எலும்பாக இருக்க வேண்டும். தனித் தொடைக்கறி வறுவலுக்குச் சரி, குழம்புக்குச் சுகமில்லை. அதில் கொழுப்பும் சவ்வும் குறைவு என்பதால் வெந்ததும் நார் நாராகப் பிரியும், குழம்பும் தண்ணியாகவே நிற்கும். கழுத்து, நெஞ்செலும்பு, சப்பை, ஒரு நல்லி எலும்பு என்று கலந்து கேளுங்கள். எலும்பை ஒட்டிய சவ்வுதான் நிதானமாக வெந்து கரைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. கறி இளஞ்சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருந்தால் இளசு. கருஞ்சிவப்பும் மஞ்சளோடிய கொழுப்பும் முற்றல். அதையும் குழம்பு வைக்கலாம், நேரம்தான் கூடும். ஈரல் வாங்கினால் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

கறியை மஞ்சள் தூள் போட்டு இரண்டு முறை அலசி, கண் வடிகட்டியில் பத்து நிமிடம் கொட்டி வையுங்கள். ஈரம் சொட்டச் சொட்ட எண்ணெயில் போட்டால் அது வதங்காது, அவியும்.

1 கிலோவுக்கு மற்ற அளவுகள்: சின்ன வெங்காயம் 250 கிராம், தக்காளி 200 கிராம், இஞ்சி 30 கிராம், பூண்டு 40 கிராம், கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி. வறுத்து அரைக்க மல்லி 4 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 10, மிளகு ஒன்றரை தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி. தாளிக்க இரண்டு அங்குலப் பட்டை, கிராம்பு 4, ஏலக்காய் 2, கல்பாசி ஒரு சிட்டிகை, இரண்டு கொத்து கறிவேப்பிலை. கடைசியில் ஊற்ற அரை மூடித் தேங்காய், வெந்நீரில் கால் மணி நேரம் ஊறிய கசகசா 1 தேக்கரண்டி. கல்லுப்பு 1 மேசைக்கரண்டியில் தொடங்கி, இறக்கும்போது பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வறுக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். மல்லி வாசம் வர நாலைந்து நிமிடம் ஆகும், அதற்குள் சீரகம் கருகிவிடும். மல்லியைச் சிறு தீயில் வறுத்து எடுத்துவிட்டு, வற்றலைத் தனியாக, பிறகு மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் ஒரு நிமிடம் மட்டும் வறுங்கள். ஆறியபின் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். நேரமில்லையென்றால் மல்லித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று. மிளகையும் சீரகத்தையும் மட்டுமாவது புதிதாகப் பொடியுங்கள்.

அடிகனமான குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் தாளித்து, வெங்காயத்தை நடுத்தரத் தீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்குங்கள். கண்ணாடி போல் ஆனதோடு நிறுத்தாமல், ஓரம் பொன்னிறமாகும் வரை விடுங்கள். கருகிவிட்டால் அந்தக் கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி. அடுத்து இஞ்சி பூண்டு விழுது. அது அடிபிடிக்கும், ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டுப் பச்சை வாசம் போகும் வரை கிளறுங்கள். பிறகு தக்காளி, அது குழைந்து எண்ணெய் விடும் வரை.

இப்போது கறி, அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், உப்பு. தீயைக் கூட்டுங்கள். மூன்று நிமிடத்தில் கறி தண்ணீர் விட்டு ஏறக்குறைய முழுகிவிடும். இங்கேதான் பலரும் மசாலாவையும் தண்ணீரையும் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். மூடியும் போடாதீர்கள். கிளறிக்கொண்டே 10 நிமிடம் நில்லுங்கள். முதலில் கொதகொதவென்று கேட்கும் சத்தம் மெல்ல அடங்கிச் சடசடவென்று மாறும். கரண்டியால் கறியை ஒதுக்கினால் அடியில் தண்ணீர் ஓடாமல் எண்ணெய் மட்டும் பளபளக்கும். கறியின் சாம்பல் நிறம் போய் ஓரங்கள் பழுப்பேறும். கவிச்சி வாடை போவதும் இந்த இடத்தில்தான். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்காது. சுண்டிய பிறகுதான் அது வறுபடத் தொடங்கும். மூடிய குக்கருக்குள் இது நடக்கவே நடக்காது.

சடசடப்பு வந்ததும் அரைத்த மசாலாவைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டி, 900 மில்லி வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு இறங்கி மறுபடி கொதி வரவே நேரமாகும். மூடி போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்: இளசான கறிக்கு 15 முதல் 20 நிமிடம், முற்றலுக்கு 30. விசிலை எண்ணுவது நம்பத் தகுந்ததல்ல. பெருந்தீயில் ஐந்து விசில் ஏழே நிமிடத்தில் வந்துவிடும், சிறு தீயில் இருபது நிமிடம் எடுக்கும். அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே குழம்பு மூர்க்கமாகக் கொதித்துக் கறி வறளும். அது தானாக அடங்கட்டும்.

திறந்து ஒரு துண்டை அழுத்திப் பாருங்கள். ரப்பர் போல் இழுத்தால் அது வேகாத கறி, இன்னும் 10 நிமிடம் வையுங்கள். இழுபடும் கறியை ‘அதிகம் வெந்துவிட்டது’ என்று நினைத்து அடுப்பை அணைப்பவர்கள் உண்டு. அதிகம் வெந்தால் இழுக்காது, உதிரும்.

ஈரல் இருந்தால் இப்போது போட்டு எட்டு நிமிடம். கறியோடு சேர்த்துக் குக்கரில் வைத்தால் சுண்ணாம்புக் கட்டி போல் வறண்டுவிடும். தேங்காயையும் கசகசாவையும் வெண்ணெய் போல் அரைத்து ஊற்றி, சிறு தீயில் மேலே எண்ணெய் மிதக்கும் வரை விடுங்கள், எட்டுப் பத்து நிமிடம் போதும். தேங்காய் விட்டபின் தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும்.

உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்புக் குழம்பை உறிஞ்சும், மீதிக் குழம்பின் உப்பு அப்படியேதான் இருக்கும். வெந்நீரும் தேங்காய்ப்பாலும் கலந்து நீர்க்கச் செய்வதே பலன் தரும். தண்ணியாகிவிட்டால் கறியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் சுண்டவிடுங்கள்.

இதே முறை நாட்டுக்கோழிக்கும் பொருந்தும், தண்ணீரை 700 மில்லியாகக் குறையுங்கள். பிராய்லருக்குக் குக்கர் வேண்டாம், மூடி போட்ட சட்டியில் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

இறக்கி அரை மணி நேரம் கழித்துச் சோற்றில் ஊற்றுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை அது ஜெல்லி போல் உறைந்திருந்தால் எலும்பு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். தோசைக்குச் சூடுபடுத்தும்போது கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சிறு தீயில் வைத்தால் தானே இளகும், அதன்பின் வேண்டுமானால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.