வில்லி நெல்சன் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், கன்ட்ரி இசை (அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை) பிடிக்கும் என்றால், பாடகர் வில்லி நெல்சனை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிடுங்கள். 1933இல் பிறந்தவர், தொண்ணூறைத் தாண்டியும் மேடையேறியவர். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வயதைக் கணக்கில் வைத்தே திட்டம் போடுங்கள். 2024 கோடையில் உடல்நலமில்லாமல் சில நிகழ்ச்சிகளுக்கு அவரால் வர முடியவில்லை. மகன் லூக்காஸ்தான் குழுவோடு பாடினார். அதனால் வெளியூர் போவதென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். டிக்கெட்டின் ரீஃபண்ட் விதியையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஊர் ஊராகப் போகும் அவருடைய இசைவிழாவான அவுட்லா மியூசிக் ஃபெஸ்டிவலில் பலர் பாடிய பிறகு, கடைசியில்தான் அவர் வருவார். திறந்தவெளி அரங்கு என்றால் மதியத்துக்குத் தொப்பி, ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர். பெரிய பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பின்வரிசை சீட்டா? சின்ன பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும். அவருடைய மார்ட்டின் கம்பெனி கிட்டார் ‘ட்ரிக்கர்’ அப்படிப் பார்க்க வேண்டிய பொருள். 1969இலிருந்து கூடவே இருக்கிறது. தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக் உரசி உரசி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் மரத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்திருக்கும். பலகை முழுக்கக் கையெழுத்துகள். நைலான் தந்தி என்பதால் ஒலியும் தனி.

அப்புறம், ரெக்கார்டில் கேட்ட மாதிரியே கூடப் பாட முயலாதீர்கள். வார்த்தைகளைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் இழுத்துப் பாடுவார். அந்த அழகுக்காகத்தானே போகிறோம், வாயை மூடிக் கேளுங்கள்.