டெல்டால புயல் வெள்ளம் தாங்குற வீடு: தெருவா சேர்ந்து கட்டுறது எப்படி

நம்ம பக்கம் வீடு கட்ட நாள் பாக்குறதுக்கு முன்னாடி மேட்டூர் தண்ணிய கணக்கு பண்ணுங்க. சம்பா அறுப்பு முடிஞ்ச தை மாசிலேர்ந்து, வழக்கமா ஜூன் 12 அணை திறந்து கடைமடைக்கு தண்ணி வர்ற வரைக்கும்தான் மண்ணு காஞ்சு கிடக்கும், அஸ்திவாரத்த அதுக்குள்ள முடிச்சிடணும். தனியா ஒரு வீட்டுக்கு மெஷின், இன்ஜினியர், மண் டெஸ்ட்னு போனா செலவு தாங்காது, பத்து வீடு சேர்ந்தா கட்டுபடியாகும். கலைஞர் கனவு இல்லத்துல வர்ற 3.5 லட்சத்துல கட்டுறவங்களும் இதுல சேந்துக்கலாம்.

முதல் வேலை வெள்ள மட்டம். பழைய சுவத்துல தண்ணி நின்ன கறை இருக்கும், எந்த வருஷத்து தண்ணின்னு பெரியவங்க சொல்வாங்க. அதுல உசந்த கறைய எடுத்து, கொத்தனார் வச்சிருக்குற டியூப் லெவல்ல (தண்ணி ஊத்தி மட்டம் பாக்குற குழாய்) தெரு முழுக்க ஒரே மட்டமா கொண்டுபோயி பெயின்ட்ல கோடு போட்டுடுங்க. பேஸ்மட்டம் அந்த கோட்டுக்கு மேல ரெண்டு அடியாவது நிக்கணும். ஒருத்தர் மட்டும் மண்ணடிச்சு உசத்துனா தண்ணி பக்கத்து வீட்டுக்குள்ளதான் போகும், அதனால வடிகால் எந்த வாய்க்கால்ல போய் சேரணும்னு சேர்ந்தே முடிவு பண்ணுங்க.

அடுத்தது அஸ்திவாரம். நம்ம களிமண்ணு மழைல உப்பும், வெயில்ல கை நுழையுற மாதிரி வெடிக்கும், சுவரு விரிசல் விடுறதுக்கு பாதி காரணம் இதுதான். இதுக்கு அண்டர் ரீம் பைல் நல்ல வழி, ரூர்க்கில இருக்குற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் (சிபிஆர்ஐ) பல வருஷம் முன்னாடியே கொண்டுவந்தது. ஆகர்னு மண்ண துளைக்குற கருவி வச்சு சுமார் 3.5 மீட்டர் துளை போட்டு, அடியில துளையோட அகலத்துல ரெண்டரை மடங்குக்கு குடம் மாதிரி விரிச்சு கம்பி இறக்கி கான்கிரீட் போடுவாங்க, மண்ணு மேல ஆடுனாலும் அடியில பிடிச்சிருக்கும். ஆத்தோரம் மணல் பாங்கா இருந்து ஊத்தும் வந்துட்டா குடம் சரிஞ்சிடும், அங்க இன்ஜினியர் சொல்ற வேற முறைக்கு போங்க.

சுவத்துக்கு ஊர்லயே மண் பிளாக் அடிக்கலாம், ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்ல ட்ரெயினிங் இருக்கு, ரெண்டு கொத்தனார அனுப்புங்க. முதல்ல பாட்டில்ல கால்வாசி மண்ணு, மீதி தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லா குலுக்கி ஒரு நாள் வைங்க. மணல் உடனே அடியில உக்காரும், வண்டல் நடுவுல, களி கடைசியா மேல. மணல் பாதிக்கு கம்மியா இருந்தா, நம்ம வயல் மண்ணு அப்படித்தான் இருக்கும், எம்சாண்ட் கலக்காம சிமெண்ட் போட்டு மண் பிளாக் அடிக்காதீங்க, வெடிச்சிடும்.

2021ல ஐஐடி மெட்ராஸ்ல 3டி பிரின்டர்ல வீடே கட்டி காட்டுனாங்க, சந்தோஷம்தான். ஆனா ரிப்பேர் வந்தா நம்ம ஊர் கொத்தனாரே பாத்துக்குற டெக்னாலஜிதான் இப்போதைக்கு நமக்கு வேணும்னு நான் நெனைக்கிறேன்.

வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் இருக்குறவங்க போர் தண்ணிய டெஸ்ட் பண்ணாம கலவைல ஊத்தவே ஊத்தாதீங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு தண்ணில இருக்குற உப்போட குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது, தாண்டுனா கம்பி உள்ளுக்குள்ளயே துரு பிடிச்சு காரை பேந்து விழும். கடலோரம்னா கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பிய மூடுற கான்கிரீட் கனம் வேணும், கம்பிக்கு அடியில ஜல்லிக்கல்ல முட்டு குடுக்காம அந்த கனத்துக்கு செஞ்ச கவர் பிளாக் வைக்க சொல்லுங்க.

2018 நவம்பர்ல கஜா வந்தப்ப எத்தனை ஊர்ல கூரை பறந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். சுவரு, கூரை, அஸ்திவாரம் மூணும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டிருக்கணும். மூலைக்கு மூலை அஸ்திவாரத்துலேர்ந்து கூரை வரைக்கும் நிக்கிற கம்பி, லிண்டல் மட்டத்துல (கதவு ஜன்னலுக்கு மேல) வீட்ட சுத்தி அறுபடாத பெல்ட் பீம், இது ரெண்டையும் பூசுறதுக்கு முன்னாடி தெருக்காரங்க ரெண்டு பேர் போய் பாத்து போட்டோ எடுத்து வைக்கணும். ஷீட் கூரைன்னா ஷீட்ட பிடிக்குற கொக்கி மாதிரி ஜே போல்ட்ட ஓரத்துலயும் முகட்டுலயும் நெருக்கி போடுங்க, காத்து முதல்ல அங்கதான் தூக்கும். புரட்டாசி கடைசில ஏணி எடுத்து ஒவ்வொரு வீடா நட்டு இறுக்கிட்டு, துருப்பிடிச்சத மாத்திடுங்க.