சால்வேஜ் டைட்டில் கார்: எதை வாங்கலாம், எப்படிச் சரிசெய்யலாம்

ஹூஸ்டனுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற நம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்பார்கள்: "அண்ணா, கரோலா ஒண்ணு ரொம்ப மலிவா வருது, சால்வேஜ் டைட்டிலாம். வாங்கலாமா?" நான் விலையைக் கேட்பதில்லை. எதனால் சால்வேஜ் ஆனது என்றுதான் கேட்பேன். அடி எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று உங்கள் கண்ணால் முழுசாகப் பார்க்க முடிந்தால் அந்தக் காரைப் பற்றிப் பேசலாம். பார்க்க முடியாத சேதம் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

நாமக்கல்லில் அப்பாவின் லாரி பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்தவன் நான். இங்கே வந்த பிறகும் சனி, ஞாயிறுகளில் அடிபட்ட கார்களை எடுத்துச் சரிசெய்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். டெக்சாஸ் விதிகளை வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் டிஎம்வி, அதாவது மாநில மோட்டார் வாகனத் துறை, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம். டைட்டில் என்பது காரின் உரிமைப் பத்திரம். விபத்தோ வெள்ளமோ வந்து, பழுது பார்க்கும் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்கிறது. டைட்டிலில் சால்வேஜ் என்று ஏறிவிடுகிறது. அந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் காரின் மதிப்பில் 75 சதவீதம், ஃப்ளோரிடாவில் 80. டெக்சாஸில் 100. அதுவும் பெயின்ட் அடிக்கிற செலவைக் கணக்கில் சேர்க்காமல் 100.

இதை யோசித்துப் பாருங்கள். டெக்சாஸில் சால்வேஜ் ஆன கார் என்றால், இரும்பு வேலைக்கும் பார்ட்ஸுக்கும் மட்டுமே காரின் முழு மதிப்பையும் தாண்டிய அடி. நியூயார்க்கிலிருந்து வந்த அதே வயது சால்வேஜ் கார் அதைவிடக் குறைவாக அடிபட்டதாக இருக்கலாம். இன்னொன்று: 90 சதவீதம் அடிபட்ட கார் டெக்சாஸில் க்ளீன் டைட்டிலோடேயே ஏலத்துக்கு வர முடியும். "க்ளீன் டைட்டில்" என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம்.

டைட்டிலில் "நான்ரிப்பேரபிள்" என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கார் பார்ட்ஸுக்கு மட்டும்தான். டெக்சாஸில் அதை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் திரும்ப ரோட்டில் ஓட்ட டைட்டில் கிடைக்காது.

காரின் வரலாற்றைப் பார்க்க 17 எழுத்து வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண், போதும். இன்ஷூரன்ஸ் மோசடியைத் தடுக்கிற என்ஐசிபி அமைப்பின் வின்செக் இணையப் பக்கம் இலவசம். அப்புறம் சில டாலர் கொடுத்து என்எம்விடிஐஎஸ் அறிக்கையையும் எடுத்துவிடுங்கள். அது 1992-ஆம் ஆண்டு கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தால் வந்த மத்திய அரசுத் தரவுத்தளம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பழைய கார் யார்டுகளும் 2009 முதல் அதில் கட்டாயம் பதிய வேண்டும். ஒரு மாநிலத்தில் சால்வேஜ் ஆன காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான பத்திரம் வாங்குகிற தில்லுமுல்லு நடப்பதால், எல்லா மாநிலப் பதிவையும் ஒன்றாகக் காட்டுகிற இந்த அறிக்கை முக்கியம்.

சரி, எந்தச் சேதத்தைத் தொடலாம்? ஆலங்கட்டி மழையில் கூரையும் பானட்டும் நெளிந்த கார் நல்லது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. திருடுபோய்த் திரும்பக் கிடைத்த கார், எது காணவில்லை என்று எண்ணிப் பார்க்க முடிகிற வரை நல்லது. ஒரு மூலையில் மட்டும் இடிபட்டு, ஏர்பேக் வெடிக்காத கார்தான் நான் அதிகம் எடுப்பது.

வெள்ளத்தில் நின்ற கார் கூடவே கூடாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது இங்கே இருந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து, உள்ளே காய்ந்து, காரும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகிற வயரிங்கில், ஒவ்வொரு கனெக்டரிலும் பச்சை பூக்கத் தொடங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஏபிஎஸ் விளக்கு எரியும், அடுத்து பவர் ஸ்டீயரிங் போகும். எதைச் சரிசெய்தாலும் அடுத்தது வரும். கடல் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். விற்பவர் சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு: சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், அடிப்பகுதியில் கறைக்கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஏர்பேக் வெடித்த காரையும் முதல் தடவை வாங்குபவர்கள் விட்டுவிடுங்கள். பை மட்டும் மாற்றினால் தீராது. சென்சார், ஏர்பேக் கம்ப்யூட்டர், விபத்து நேரத்தில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற ப்ரீடென்ஷனர், டேஷ்போர்டு என்று வரிசையாகப் போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆன்லைனில் ஏர்பேக் வாங்குவது உயிரோடு விளையாடுவது. அப்படித் தரமில்லாத ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் வெடித்துச் சிதறி ஆட்கள் இறந்ததால், 2024-இல் நெட்சா, அதாவது அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பொதுமக்களை எச்சரித்தது. உங்கள் குழந்தை உட்காரப் போகிற காரில் இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

காப்பார்ட், ஐஏஏ போன்ற ஏலக் கம்பெனிகளில்தான் இந்தக் கார்கள் பெரும்பாலும் வருகின்றன. டீலர் லைசென்ஸ் இல்லாதவர்கள் பல கார்களுக்கு ப்ரோக்கர் வழியாகத்தான் ஏலம் கேட்க முடியும். "ரன் அண்ட் டிரைவ்" என்று போட்டிருந்தால், யார்டுக்கு வந்தபோது ஸ்டார்ட் ஆகி, கியர் விழுந்து, தானாக நகர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். ஹைவேயில் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. போட்டோவை மட்டும் நம்பாமல் யார்டுக்கு நேரில் போங்கள், அல்லது காசு கொடுத்து ஒரு ஆளை அனுப்புங்கள்.

நேரில் போனால் அடிபட்ட பக்கத்தை விட்டுவிட்டு அடிபடாத பக்கத்தை முதலில் பாருங்கள். முன்பக்கம் இடிபட்ட காரில் பின் கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் அடி, ஆட்கள் உட்காருகிற கூண்டு வரைக்கும் போயிருக்கிறது. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பானட்டைத் திறக்க முடிந்தால் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடுகிற ரெயிலைப் பாருங்கள். பெயின்ட் வெடித்திருந்தாலோ இரும்பு சுருங்கி மடிப்பு விழுந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். பெயின்ட் கனம் அளக்கிற சின்னக் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதைவிடப் பல மடங்கு காட்டினால் அங்கே ஏற்கனவே பட்டி பார்த்திருக்கிறார்கள், அதாவது இது முதல் விபத்து இல்லை.

எவ்வளவுக்குக் கேட்பது? கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். அடிபடாத கரோலா 16,000 டாலருக்குப் போகிறது என்று வையுங்கள். ரீபில்ட் டைட்டில் ஏறிய கார், அதாவது சால்வேஜ் ஆனதைச் சரிசெய்து ரோட்டில் ஓட்டத் திரும்ப டைட்டில் வாங்கிய கார், மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் போகும். 11,000 என்று வைப்போம். பார்ட்ஸ், பெயின்ட், கூலி 4,200. ஏலக் கம்பெனி, ப்ரோக்கர் கட்டணம் 1,200. டோ ட்ரக் 300. சால்வேஜ் டைட்டிலோடு ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதால் இது தவிர்க்க முடியாதது. சக்கர அலைன்மென்ட், கேமரா கேலிப்ரேஷன் (கேமரா சரியாகப் பார்க்கும்படி அளவு வைப்பது), டைட்டில் செலவு 500. பிரித்த பிறகு தெரிய வருகிற சேதத்துக்கு 900. டெக்சாஸ் விற்பனை வரி 6.25 சதவீதத்துக்கு ஒரு 250. எல்லாம் போக மிச்சம் 3,650. அதுதான் உங்கள் உச்ச விலை. ஏலத்தில் பக்கத்து ஆள் 3,700 கேட்டால் அவரே எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த வாரமும் கரோலா வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள், வயர் எங்கே எப்படிப் போகிறது என்பது உட்பட. ஸ்கேனர் போட்டு எல்லாக் கோளாறுக் குறியீட்டையும் சேமியுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்கள். டொயோட்டாவில் அதன் பிறகு குறைந்தது 90 விநாடி காத்திருந்துதான் ஏர்பேக் வயர் பக்கம் கை வைக்க வேண்டும்.

அடுத்து அளவு. காரை இறுக்கிப் பிடித்து அளக்கிற ஃப்ரேம் பெஞ்ச் இருக்கிற கடையில் ஏற்றி, கம்பெனி அளவோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பட்டறைப் பழக்கத்தை மறக்க வேண்டும். அப்பா லாரி சேசிஸை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி நேராக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் கார்களின் ரெயிலும் தூணும் அதிக வலு உள்ள ஸ்டீல். காய்ச்சினால் அந்த வலு போய்விடும். பார்க்க நேராக இருக்கும், அடுத்த விபத்தில் காகிதம் போல மடங்கும். ரெயில் கோணல் என்றால் கம்பெனி சொல்லும் இடத்தில் வெட்டி, கம்பெனி சொல்லும் முறையில் வெல்ட் செய்கிற கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மூலை இடிபட்ட கரோலாவில் வழக்கமாகப் போவது பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர் சப்போர்ட், கன்டென்சர், ரேடியேட்டர். பம்பருக்குள் ஒரு ஃபோம் துண்டும் அதற்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையும் இருக்கும். வெளியே தெரியாது என்று பலர் ஃபோமை வைக்காமலே மூடிவிடுகிறார்கள். அது அடியை வாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது, கட்டாயம் வையுங்கள். ஏசி வாயு வேலையைக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். புதுக் கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் விலை அதிகம், அதைக் காற்றில் திறந்துவிடுவது சட்டவிரோதமும்கூட. ஃபெண்டரும் கதவும் யார்டில் அதே நிறத்தில் கிடைத்தால் பெயின்ட் செலவே மிச்சம். எடுக்கும்போது அந்தப் பார்ட் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் வின் நம்பரோடு ரசீது வாங்குங்கள், பின்னால் தேவைப்படும். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

கிரில்லில் இருக்கிற டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால்தான் முன்னால் போகிற வண்டியைக் கண்டறிகிற ரேடார் உட்கார்ந்திருக்கிறது. சின்னம் உடைந்ததென்று கிடைத்ததை ஒட்டினால் ரேடார் குருடாகிவிடும். அந்த மாடலுக்கான அசலையே போடுங்கள். ரேடார், கண்ணாடிக் கேமரா இரண்டையும் கேலிப்ரேட் செய்து அறிக்கை வாங்கிய பிறகுதான் தானியங்கி பிரேக்கை நம்பலாம். நெட்சா இணையதளத்தில் வின் நம்பரைப் போட்டு ரீகால், அதாவது கம்பெனியே குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். டக்காட்டா ஏர்பேக் போன்ற ரீகால் வேலைக்கு டீலர் காசு வாங்கமாட்டார்.

முடிந்ததும் கவுன்டி டாக்ஸ் ஆபீஸுக்குப் போங்கள். டைட்டில் விண்ணப்பம் 130-யு, அதோடு ரீபில்ட் வாகன அறிக்கை விடிஆர்-61. எதை மாற்றினீர்கள், முக்கியப் பார்ட்ஸ் எங்கிருந்து வந்தன என்று அதில் எழுத வேண்டும். யார்டு ரசீதுகளை அங்கேதான் கேட்பார்கள். ரீபில்ட் கட்டணம் 65 டாலர், வழக்கமான டைட்டில் கட்டணம் தனி. உங்கள் வேலை சரியா என்று அரசாங்கம் பார்க்கும் என எதிர்பார்க்காதீர்கள். நியூயார்க்கில் நடக்கிற சோதனைகூடத் திருட்டுப் பார்ட்ஸைத் தேடுவதற்கே, பாதுகாப்புக்கு அல்ல. டெக்சாஸில் சொந்தக் கார்களுக்கான வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையே 2025 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதனால் உங்கள் காரில் கை வைக்காத வேறொரு நல்ல பாடி ஷாப்பில் காசு கொடுத்து ஒரு முறை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஏலத்துக்கு முன்பே போன் செய்யுங்கள். ரீபில்ட் காருக்குச் சிலர் எதிராளிக்கான லயபிலிட்டி மட்டும்தான் தருவார்கள். முழு கவரேஜ் தருபவர்களும் மதிப்பைக் குறைத்தே போடுவார்கள். வங்கிக் கடன் கிடைப்பது கடினம், கம்பெனி வாரன்டியும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே ஐந்தாறு வருடம் நீங்களே ஓட்டப் போவதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். விற்கிற நாளில் அடிபட்டபோது எடுத்த போட்டோ, ஃப்ரேம் அளவுத் தாள், கேலிப்ரேஷன் அறிக்கை, ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வாங்குபவர் கேட்கும் முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.